வரியின் கடைசியில் ஒரு விக்கல்

ஈசா டவுன், பஹ்ரைன்
9 செப்டம்பர் 2005

கர்த்தருக்குள் பிரியமான ஜெபகனி அத்தைக்கு,

உங்கள் மருமகள் பியூலா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அஜ்மானில் நீங்களும் உங்கள் ஆஸ்பத்திரியும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். "போனில் பேசினால் உன் மாமா பக்கத்தில் நின்று காது கொடுப்பார், கடிதமாக எழுது, எதையும் விடாதே" என்று சொல்லி அனுப்பியிருந்தீர்கள். என் கட்டுரைகளை டீச்சர்கள் எல்லோரும் ஐந்து பத்தியோடு நிறுத்தச் சொல்வார்கள். எதையும் விடாதே என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆகையால் விடாமல் எழுதுகிறேன்.

மாமா வந்து மூன்று வாரம் ஆகிறது. ஓட்டல் கொடுத்த அறையில் ஆறு பேர் என்பதால் எங்கள் ஹால் சோபாவில் படுத்துக்கொள்கிறார். காலையில் குளியலறையை அவர் பிடித்துவிட்டால் நான் ஸ்கூல் பஸ்ஸை விட வேண்டியதுதான். நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் நெற்றிக்கு மேல் முடியால் கோபுரம் கட்டுகிறார் என்பதை நான் கண்ணால் பார்க்காமல் இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அதற்குப் பூசும் பசை தலையணையில் ஒட்டாமல் இருக்க, அம்மா உறைக்கு மேல் பிளாஸ்டிக் கவர் போட்டிருக்கிறாள். அவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் கேட்கிறது.

இன்று காலை ஆராதனை முடிந்ததும் அம்மாவும் நானும் மனாமாவில் அவருடைய ஓட்டலுக்குச் சாப்பிடப் போனோம். மாமாவுக்கு இலவசக் கூப்பன் கொடுக்கிறார்கள். மது விற்கும் இடத்துக்கு வர மாட்டேன் என்று அப்பா வீட்டில் ரசம் சாதம் சாப்பிட்டார். ஓட்டல் வாசலில் பெரிய பேனர்: "மெம்பிஸ் ஜானி." அது யார் என்று கேட்டேன். மாமாதானாம். வாய்க்கு வாய் மெம்பிஸ் என்கிறாரே என்று, போன வாரம்தான் அது எங்கே இருக்கிறது என்று என் அட்லஸில் காட்டச் சொல்லியிருந்தேன். அமெரிக்காவில் இருக்கும் ஊருக்கு விரலை மெக்ஸிகோவில் வைத்தார்.

அவர் பாடுவதன் பெயர் ராக்கபிலி. பள்ளி நூலகத்துக் கலைக்களஞ்சியத்தில் பார்த்தேன், ஆறே வரிதான் இருக்கிறது. ஐம்பது வருடம் முன்பு அமெரிக்காவில் நாட்டுப்புறப் பாட்டையும் கறுப்பின மக்களின் ஆட்டப் பாட்டையும் கலந்து செய்தார்களாம், சீக்கிரமே அது வழக்கொழிந்ததாம், பின்னாளில் சிலர் மீண்டும் தோண்டி எடுத்தார்களாம். மாமா தோண்டியவர்களில் ஒருவர். பின்னால் பிஜு என்ற மலையாளி அண்ணன் ஆள் உயரத்துக்கு ஒரு பேஸ் வயலினை நிற்கவைத்து, வாசிக்காமல் அறைகிறார். மாமா முழங்காலை ஆட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியின் கடைசியிலும் தொண்டையை உடைத்து ஒரு விக்கல் விக்குகிறார். தண்ணீர் கொடுக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். இந்தப் பாட்டுக்கு அதுதான் அழகு என்று அம்மா சொன்னாள். சொல்லும்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பிடித்தது புட்டிங் மட்டும்.

உங்கள் பதிலை ஆவலோடு எதிர்பார்க்கும்,
பியூலா


அஜ்மான்
17 செப்டம்பர் 2005

என் கண்ணான பியூலாவுக்கு,

அத்தை எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் மட்டும் அஜ்மான் பஸ்ஸைத் திட்டுகிறது. உன் கடிதத்தை டியூட்டிக்குப் போகும் வழியில் வாசித்துச் சிரித்ததில் பக்கத்து சீட்டுப் பெண் தள்ளி உட்கார்ந்துவிட்டாள்.

உன் மாமாவைப் பற்றி உனக்குத் தெரியாதது கொஞ்சம் உண்டு. தூத்துக்குடி துறைமுகத்தில் ஒரு கப்பல் சமையல்காரன் கொடுத்த கேசட்டில் ஆரம்பித்த பைத்தியம் இது. பதினேழு வயதில் சர்ச் பாடகர் குழுவில் கீர்த்தனைக்கு நடுவில் விக்கி, பாதிரி ஐயர் கையாலேயே வெளியே தள்ளப்பட்டார். பிறகு சென்னையில் கலியாண பார்ட்டிகள். அங்கேதான் ஏமாந்தவள் நான். இங்கே வந்து பதினொரு வருடம் ஆகிறது. வளைகுடா ஓட்டல்காரனுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பாடகன் வேண்டும். புதுப் பாடகனுக்கு எங்கே போவது? அதே ஆள் புதுப் பெயரில் போவான். அஜ்மானில் டெக்ஸஸ் டாமி, தோஹாவில் ராக்கெட் ராஜ், மஸ்கட்டில் என்னவோ ஒரு பூனையின் பெயர். இப்போது மெம்பிஸ். நடுவில் சொந்தச் செலவில் ஒரு சிடி போட்டார். நான்கு பெட்டி இன்னும் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன்மேல்தான் என் அரிசி மூட்டை நிற்கிறது. எறும்பு வராமல் இருக்க நல்ல உயரம்.

நீ கவனிக்கத் தெரிந்த பிள்ளை. அதனால் கேட்கிறேன். விக்கல் வரியின் கடைசியில் மட்டும்தானா? காலையில் எழுந்ததும் பேசும் குரல் எப்படி இருக்கிறது? உன்னைக் கூப்பிடும்போது சத்தமாகக் கூப்பிடுகிறாரா? சும்மாதான் கேட்கிறேன். அவரிடம் சொல்ல வேண்டாம்.

வெயிலில் அலையாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
ஜெபகனி அத்தை


ஈசா டவுன்
23 செப்டம்பர் 2005

அன்பு நிறைந்த அத்தைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் குணமடையட்டும். அப்பா தன் கம்பெனி தபால் பெட்டியிலிருந்து உங்கள் கடிதத்தைப் பிரிக்காமலே கொண்டுவந்து கொடுத்தார். என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

நீங்கள் கேட்டதால் இன்று ஓட்டலில் தட்டை மூடிவைத்துவிட்டுக் கவனித்தேன். முதலில் விக்கல் வரியின் கடைசியில்தான் வந்தது. இப்போது சொல்லின் நடுவிலும் வருகிறது. உச்சத்துக்குப் போகும்போது கட்டாயம் வருகிறது. எனக்கு இது சோம்பேறித்தனமாகத் தோன்றுகிறது. ஒரே நகைச்சுவையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறவரைப் போல. ஆனால் கூட்டத்துக்கு இதுதான் பிடித்திருக்கிறது! எண்ணெய்க் கம்பெனி வெள்ளைக்காரர் ஒருவர், சிவந்த கழுத்து, கையில் இறால் தட்டு, எழுந்து நின்று "இதுதான் அசல், ஐம்பத்தைந்தில் இப்படித்தான் பாடினார்கள்" என்று மேசையைத் தட்டினார். ஐம்பத்தைந்தில் அவர் பிறந்திருப்பாரா என்பதே சந்தேகம். போன தடவையைவிட மாமா நிச்சயமாக மோசமாகப் பாடினார், போன தடவையைவிட இரண்டு மடங்கு கைதட்டல் வாங்கினார். இவ்வளவு ரசனை கெட்டவர்கள் எப்படிப் பூமிக்குள் எண்ணெய் இருப்பதைக் கண்டுபிடிக்கிறார்கள் என்று தெரியவில்லை.

காரில் வரும்போது பிஜு அண்ணன் கேட்டார்: "சேட்டா, ரெண்டாவது பாட்டுல நடுவுல ஒரு விக்கல் வந்துச்சே, அங்க நம்ம விக்கல் வெக்கலயே?"

"அதான்டே ஸ்டைலு" என்று மாமா கண்ணடித்தார்.

காலையில் அவர் குரல் தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கிறது. டீ குடிக்கும்வரை பேசுவதே இல்லை. என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் விசில் அடிக்கிறார். "நான் என்ன நாயா?" என்று கேட்டேன். "நாய் விசில் அடிச்சா வரும்ட்டி. நீ அதுக்கும் வரமாட்டேங்க" என்றார். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவர் சொல்லும் எதற்கும் நான் சிரிப்பதில்லை என்று தீர்மானம் செய்திருக்கிறேன்.

ஜெபத்துடன்,
பியூலா


அஜ்மான்
1 அக்டோபர் 2005

பியூலாவுக்கு,

நலம். நீங்கள் மூவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இன்று அதிகம் எழுத நேரமில்லை.

இந்த வாரம் ரமலான் பிறக்கிறது. மாதம் முழுக்க ஓட்டல்களில் பாட்டு, ஆட்டம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு வருடமும் உன் மாமா அந்த மாதம் இங்கே வந்து என் மீன்குழம்பைக் குறை சொல்லிக்கொண்டு கிடப்பார். இந்த வருடம் வர முடியாதாம். ஓட்டல்காரர்கள் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம், இஃப்தார் பந்தியை மேற்பார்வை பார்க்கச் சொல்கிறார்களாம், ஒரு நாள்கூட லீவு இல்லையாம். போனில் சொன்னார். குரல் சரியாகக் கேட்கவில்லை. லைன் சரியில்லை என்றார்.

அவர் ஒழிவாக இருக்கும்போது, "அஜ்மானில் டாக்டர் நாகலிங்கம் உங்களை விசாரித்தார்" என்று மட்டும் சொல். என்ன செய்கிறார் என்று பார்த்து எழுது. 

அத்தை


ஈசா டவுன்
12 அக்டோபர் 2005

அன்புள்ள அத்தை,

தேவ கிருபையால் நலமாக இருக்கிறோம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

ஒரு விஷயம் எனக்குப் புரியவில்லை. மாமாவுக்கு எந்த வேலையும் இல்லை. ரமலான் பிறந்ததிலிருந்து ஹாலில் கால்மேல் கால் போட்டு டிவியில் கிரிக்கெட் பார்க்கிறார். அதுவும் சத்தத்தை அணைத்துவிட்டு. எந்தப் பந்தியையும் மேற்பார்வை பார்க்கவில்லை. எங்கள் பந்தியைத்தான் பார்க்கிறார். பாஸ்போர்ட் அவர் பெட்டியில் சட்டைகளுக்கு மேலேயே இருக்கிறது. சீப்பை எடுக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். ஒருவேளை நீங்கள் தவறாகக் கேட்டிருப்பீர்கள்.

டாக்டர் நாகலிங்கம் விசாரித்ததைச் சொன்னேன். மாமா சீப்பை எடுத்து, ஏற்கனவே சீவியிருந்த முடியை மறுபடி சீவினார். "அவரு யாரு மாமா?" என்று கேட்டேன். "பல் டாக்டர்ட்டி. சொத்தைப் பல்லைப் பிடுங்குறவன்" என்றார். மாமாவுக்கு இருக்கும் ஒரே நல்ல விஷயம் பல்தான், அதில் சொத்தையே இல்லை. அதன் பிறகு வராந்தாவில் போய் நின்றார். அங்கே ஏசி கம்ப்ரசரைத் தவிர பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொரு செய்தி. வரும் இருபத்தொன்றாம் தேதி எங்கள் தமிழ்ச் சபையில் அறுப்பின் பண்டிகை. தனிப்பாட்டுப் பாடுகிறவர் ஊருக்குப் போய்விட்டார். சபைச் செயலாளர் அப்பாதானே. சாப்பிடும்போது மாமாவிடம், "வருஷம் பூரா பிசாசுக்குப் பாடுத. ஒரு நாள் கர்த்தருக்குப் பாடேன்" என்றார். மாமா வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். வெகுநேரம் சோற்றைப் பிசைந்துவிட்டு, "சரி அத்தான்" என்றார்.

மெதுவான கீர்த்தனை. விக்கலுக்கு அதில் இடமில்லை. எப்படிச் சமாளிப்பார் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

வாழ்த்துகளுடன்,
பியூலா


ஈசா டவுன்
23 அக்டோபர் 2005

அன்புள்ள அத்தைக்கு,

என் கடிதம் கிடைத்ததா? பதில் இல்லை. சுகமில்லையோ என்று அம்மா கவலைப்படுகிறாள். நான் ஏதாவது எழுதக் கூடாததை எழுதிவிட்டேனா?

பண்டிகையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமா வெள்ளைச் சட்டை போட்டு, முடியைப் படிய வாரி, யாரோ ஒரு வங்கி அதிகாரியைப் போல வந்தார். பூசணிக்காயும் வாழைத்தாரும் அடுக்கிய பீடத்துக்குப் பக்கத்தில் நின்றார். பல்லவியை நன்றாகவே பாடினார். இவ்வளவு நல்ல குரலை வைத்துக்கொண்டா முழங்காலை ஆட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் சரணத்தில் ஒரு சொல்லின் நடுவில் விக்கல் வந்தது. அடுத்த சொல்லில் மறுபடியும். பின்வரிசையில் பையன்கள் சிரித்தார்கள். பாடகர் குழு அம்மா ஒருவர், மைக்கில் விழும் அளவுக்கு, "பார்ல பாடுத பழக்கம் பீடத்துக்கே வந்துட்டு" என்றார். மாமா கடைசிச் சரணத்தை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

காரில் அப்பா ஸ்டியரிங்கைக் குத்தினார். "கர்த்தரையே நக்கல் பண்ணுதியா நீ?"

"பழக்கதோஷம் அத்தான்" என்றார் மாமா. கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அத்தை, நான் முன்வரிசையில் இருந்தேன். விக்கல் வந்தபோது அவர் கை பீடத்துத் துணியைச் சுருட்டிப் பிடித்ததைப் பார்த்தேன். வேண்டுமென்று செய்கிறவர் கை அப்படிப் பிடிக்காது. ஓட்டலில் வந்ததும் இதே விக்கல்தான். அங்கே அசல் என்று கைதட்டினார்கள், இங்கே நக்கல் என்று திட்டுகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் காது இருந்தது, கேட்கத்தான் தெரியவில்லை. எங்கள் சபையைப் பற்றி இப்படி எழுதக் கூடாதுதான். ஆனால் எதையும் விடாதே என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். திட்டு வாங்குவது அவருக்கு ஏன் நிம்மதியாக இருந்தது? அது முகத்தில் தெரிந்தது. டாக்டர் நாகலிங்கம் யார்?

உடனே எழுதுங்கள்.
பியூலா


அஜ்மான்
29 அக்டோபர் 2005

என் பியூலாவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பாஸ்போர்ட் பெட்டியில் இருக்கிறது என்று நீ எழுதிய கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். அவ்வளவுதான்.

நாகலிங்கம் எங்கள் ஆஸ்பத்திரி தொண்டை டாக்டர். ஏப்ரல் மாதம் உன் மாமாவை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். குரல்நாணில் ஒரு கட்டி. எடுத்துச் சோதித்துப் பார்த்தால்தான் அது சாதாரணக் கட்டியா, மற்றதா என்று தெரியும் என்றார். எடுத்தபின் பாட்டுக் குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். உன் மாமாவுக்கு இரண்டாவது வாக்கியம் மட்டும்தான் காதில் விழுந்தது. "ஊசி போட்டுப் பாப்போம் டாக்டர்" என்று சிரித்துவிட்டு வந்தார். நான்கு மாதம் இன்றைக்கு நாளைக்கு என்று சாக்குச் சொன்னார். ஆகஸ்டில் பஹ்ரைன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எவ்வளவு புத்தி பார்! உடைகிற குரலை ஒளித்துவைக்க உலகத்தில் ஒரே ஒரு இடம்தான் உண்டு, உடைத்துப் பாடுகிற பாட்டு. அங்கே போய் ஒளிந்துகொண்டார். நானும் முட்டாள். விக்கலைக் கேட்டுப் பார்த்துச் சொல்ல உன்னை வைத்தேன். உன் அம்மாவிடம் சொன்னால் அழுவாள், உன் அப்பாவிடம் சொன்னால் ஜெபக்கூட்டம் வைப்பார்.

நான் புறப்பட்டு வரலாம். பிரயோஜனமில்லை. என்னைப் பார்த்ததும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவார். இருபது வருடமாக அப்படித்தான் ஜெயிக்கிறார். நான் சிரித்துவிட்டால் பேச்சு முடிந்தது. உன்னை அவரால் சிரிக்க வைக்க முடியாது. உலகத்தில் அவரைக் கொஞ்சமும் மதிக்காத ஆள் நீ ஒருத்திதான், அதற்காக ஆண்டவருக்கு நன்றி. பெருநாள் முடிந்ததும் மறுபடி பாட்டு ஆரம்பித்துவிடும். அதற்குள், ஒரே ஒரு வரியை விக்கல் இல்லாமல் பாடச் சொல். வேறு எதுவும் பேசாதே.

டிக்கெட்டுக்கு இங்கே சொல்லி வைத்திருக்கிறேன்.

அத்தை


ஈசா டவுன்
5 நவம்பர் 2005

அன்பான அத்தைக்கு,

நாங்கள் சுகம். இந்தக் கடிதம் சேரும்போது மாமா உங்களிடம் இருப்பார். போனில் நீங்கள் கேட்ட எதற்கும் நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் நின்றார். ஆகவே எழுதுகிறேன்.

நேற்று பெருநாள் லீவு. பிஜு அண்ணனும் வந்திருந்தார், அம்மா பிரியாணி வைத்திருந்தாள். இன்று மாலை முதல் ஓட்டலில் பாட்டு ஆரம்பம் என்று மாமா ஹாலில் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் போய் நின்றேன்.

"மாமா, ஒரு வரி விக்கல் இல்லாம பாடுங்க."

"விக்கல் இல்லாட்டா அது பஜனைட்டி."

"பாட முடியாதா?"

"முடியாதாவா? பிஜு, கேட்டியா? வளைகுடா பூரா ஜானிய வாய்பொளந்து கேக்கு. இவ முடியாதாங்கா."

"வளைகுடா வேண்டாம். எனக்குப் பாடுங்க. ஒரு வரி."

சிடியில் இருக்கும் அவருடைய சொந்தப் பாட்டின் முதல் வரியை எடுத்தார். இரண்டாவது சொல்லில் உடைந்தது. "பிரியாணி நெய்யி" என்று செருமிவிட்டு மறுபடி எடுத்தார். அதே இடத்தில் உடைந்தது. உங்கள் மீன்குழம்பைப் பற்றி ஏதோ ஒரு வேடிக்கை சொன்னார். அது உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் கன்னத்தை உள்பக்கம் கடித்துக்கொண்டு நின்றேன். மூன்றாம் தடவை மெதுவாக, கிட்டார் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அம்மா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். பிஜு அண்ணன் தட்டைத் தரையில் வைத்தார். முதல் சொல்லே வரவில்லை, காற்றுதான் வந்தது.

"இது நீங்க போடுற விக்கல் இல்ல மாமா" என்றேன். "அதுவா வருது."

கண்ணடிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அடிக்கவில்லை. "ஆமாட்டி" என்றார். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை இதுதான் என்று நினைக்கிறேன்.

பிஜு அண்ணன், "ரெண்டரை மாசமா உங்க பின்னாடிதானே நிக்கேன் சேட்டா. என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்" என்றார். மாமா என்னைப் பார்த்து, "ரொம்ப மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டார்.

"ரொம்ப மோசம்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்ப் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்தார். ஓட்டல் மேனேஜருக்கு போன் செய்தார். ஒப்பந்தம் கலாஸ், இனி வர வேண்டாம் என்று மறுமுனையில் அவர் கத்தியது ஹாலில் எல்லோருக்கும் கேட்டது. அப்பாவே இன்று ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட்டார். காரில் ஜெபம் செய்தார்களாம். மாமா ஆமென் சொன்னாராம், அதிலும் விக்கலாம்.

சீப்பை எடுத்துக்கொண்டு போனார். கிட்டார் சோபாவுக்குப் பின்னால் இருக்கிறது.

கட்டி எப்படிப்பட்டது என்று தெரிந்தவுடன் எழுதுங்கள். மறைக்காமல்.

பியூலா


அஜ்மான்
20 நவம்பர் 2005

என் தங்கம் பியூலாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். ஆபரேஷன் முடிந்தது. சோதனை முடிவும் வந்துவிட்டது. மற்றது இல்லை, சாதாரணக் கட்டிதான். இதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டு.

ஆறு வாரம் ஒரு சொல் பேசக் கூடாது என்று நாகலிங்கம் உத்தரவு. இந்த வீட்டில் இப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. முதல் இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு டிவியைக் கேட்க ஆரம்பித்தேன். டீ வேண்டுமென்றால் சீட்டில் எழுதி நீட்டுகிறார். நேற்று நீட்டிய சீட்டில் "குழம்பில் உப்பு இல்லை" என்று இருந்தது. வெட்டியெடுத்தாலும் போகாத கட்டி அது.

பாட்டு வருமா என்று டாக்டர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு சிடியை எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப வைத்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி அரிசி அளந்தேன்.

பரீட்சைக்கு நன்றாகப் படி.

உன் அத்தை


அஜ்மான்
6 டிசம்பர் 2005

ஏ பியூலா,

சுகமா? நான் சுகம். வாயைத் தவிர. என் வாழ்க்கையில் நான் யாருக்கும் எழுதும் முதல் கடிதம் இது. உன் அத்தைக்குக் காதல் கடிதம்கூட எழுதியதில்லை, பாடித்தான் ஏமாற்றினேன். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதே.

நீ எழுதிய கடிதம் எல்லாவற்றையும் உன் அத்தை என் கையில் கொடுத்துவிட்டாள். தேங்காய் துருவுகிற மாதிரி குரலாம்! தோண்டியவர்களில் ஒருவராம்! வெட்கமில்லாமல் இரண்டு தடவை வாசித்தேன். பதினொரு வருடமாக எத்தனையோ பேர் பெயருக்குக் கைதட்டினார்கள். ஒருவன்கூட இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

பிஜு எப்படி இருக்கிறான்? என் இடத்தில் யார் பாடுகிறார்கள்? போய்ப் பார்த்துவிட்டு எழுது. மழுப்பாதே.

கிறிஸ்துமஸ் அன்று வாயைத் திறக்க அனுமதி கிடைக்கும். அன்று சாயங்காலம் போன் செய்வேன். ஒரு வரி பாடுவேன். நீதான் கேட்க வேண்டும். உன் அத்தை நன்றாக இருக்கிறது என்பாள், அழுதுகொண்டே சொல்வாள். உன் அம்மாவும் அப்படியே. உன் அப்பா அல்லேலூயா என்பார். நீ இருக்கிறதைச் சொல்லுவாய். அன்றைக்கே போனில் சொல்லாதே, பக்கத்தில் எல்லோரும் இருப்பார்கள். எழுது.

கிட்டாருக்கு மேல் துணி எதையும் போடாதே. ஈரம் ஏறும்.

மெம்பிஸ், டெக்ஸஸ், ராக்கெட், எல்லாம் போக மிஞ்சிய,
உன் மாமா செல்வநாயகம்


ஈசா டவுன்
27 டிசம்பர் 2005

அன்புள்ள மாமாவுக்கு,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். உங்கள் கடிதத்தில் ஒன்பது பிழைகள். திருத்தவில்லை.

நீங்கள் கேட்டபடி ஓட்டலுக்குப் போனோம். கூப்பன் இல்லாததால் பிஜு அண்ணன் சமையலறை வழியாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் சுகம், உங்களைத் திட்டிக்கொண்டிருக்கிறார். உங்கள் இடத்தில் ஒரு பிலிப்பினோ இளைஞர். புதுப் பேனர் அடிக்க மனமில்லாமல் "மெம்பிஸ் ஜானி" பேனரையே மாட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை நாள் பெயர் மாறியது, ஆள் மாறவில்லை. இப்போது ஆள் மாறிவிட்டார், பெயர் மாறவில்லை. சாப்பிட வந்தவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. சிவந்த கழுத்துக்காரர் அதே மேசையைத் தட்டி, இதுதான் அசல் என்றார். அந்த இளைஞருடைய குரல் உங்கள் குரலைவிட நன்றாக இருக்கிறது. மழுப்பாதே என்று சொன்னதால் எழுதுகிறேன். ஆனால் ஒவ்வொரு விக்கலையும் அளந்து வைத்தது போல வைக்கிறார். பாதியில் எனக்குத் தூக்கம் வந்தது. உங்கள் பாட்டைக் கேட்டு எனக்குக் கோபம்தான் வரும். தூக்கம் வந்ததில்லை.

நீங்கள் போன் செய்தபோது ரிசீவரை நான் காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன். அப்பா பக்கத்தில் நின்று காது கொடுத்தார். அவர் முகம் எனக்குத் தெரிய வேண்டாம் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நீங்கள் பாடியது அதே சிடிப் பாட்டின் முதல் வரி. இரண்டாவது சொல்லுக்கு நான் மூச்சை நிறுத்திக்கொண்டேன். அது தாண்டிப் போய்விட்டது.

இப்போது இருக்கிறதைச் சொல்கிறேன். படு மோசம், மாமா. சுருதி இல்லை. பாதி காற்று. உச்சம் வரும் இடத்தில் கீழே இறங்கிவிட்டீர்கள், அது எனக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். ஆனால் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை எங்கேயும் உடையவில்லை.

விக்கல் வேண்டுமானால் இனி நீங்களாகவே போட்டுக்கொள்ளலாம். வரியின் கடைசியில் மட்டும்.

கிட்டார் மேல் துணி போடவில்லை.

பியூலா